1969: ஓர் ஆண்டின் ஐந்தொகை

ஆண்டின் இறுதியில் ஐந்தொகை எழுதிப் பார்ப்பது வணிகத்தில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, கையில் நிற்பது எவ்வளவு, பிறருக்குத் தர வேண்டியது எவ்வளவு என்பதெல்லாம் ஒரே தாளில் தெரிந்துவிடும். ஒரு நாட்டின் ஓராண்டு வாழ்வுக்கு அவ்வாறு கணக்கெழுதுவது அத்துணை எளிதன்று. மறைந்தவர்களின் பெயர்கள் அன்றைய நாளிதழ்களிலேயே பெரிய எழுத்தில் வந்துவிடுகின்றன; பிறந்தவர்களின் பெயர்களோ இருபது, முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே தெரியவருகின்றன. நாடே பேசிய செய்தி சில ஆண்டுகளில் மங்கிப்போவதும், உள்பக்கத்தில் நான்கு வரியில் வந்த செய்தி தலைமுறைகளின் வாழ்வை மாற்றிவிடுவதும் உண்டு.

வங்கி வாடிக்கையாளர்களுக்கு 1969ஆம் ஆண்டு என்றதும் நினைவுக்கு வருவது 14 வங்கிகள் நாட்டுடைமையான செய்திதான். அந்நிகழ்ச்சி தனித்து நின்றதன்று. ஒரு குடியரசுத் தலைவரின் மறைவு, ஒரு தேர்தல், ஒரு பெருங்கட்சியின் பிளவு ஆகியவற்றோடு பிணைந்தே அது நடந்தது. அவ்வாண்டின் ஏட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினால், நாட்டின் நிறுவனங்கள் யாருக்கு உரியவை, அவற்றின் வாயில் யாருக்குத் திறந்திருக்கிறது என்னும் கேள்வி வெவ்வேறு வடிவில் மீண்டும் மீண்டும் எழுந்ததைக் காணலாம்.

பெயரும் எல்லையும்

சென்னை மாநிலம் என்று வழங்கிவந்த நிலப்பகுதி, 1969 ஜனவரி 14 அன்று, பொங்கல் திருநாளில், சட்டப்படி 'தமிழ்நாடு' ஆயிற்று. அப்பெயரை உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து உண்ணாநோன்பிருந்த விருதுநகர் தியாகி சங்கரலிங்கனார் 1956 அக்டோபரில் உயிர்நீத்திருந்தார். 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 1968இல் நாடாளுமன்றம் அதற்குரிய சட்டத்தை இயற்றியது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் முதலமைச்சர் அண்ணா கடும் புற்றுநோயால் நலிவுற்றிருந்தார். ஆயினும் அன்று தியாகராய நகரில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் சிலையைத் திறந்துவைத்தார். இருபது நாள்களில், பிப்ரவரி 3 அன்று, 59ஆம் வயதில் அவர் மறைந்தார். முதலமைச்சராக அவர் இருந்த காலம் இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அவருக்கு இறுதி மரியாதை செலுத்தக் கூடிய மக்கள் வெள்ளம் உலகின் மிகப்பெரிய இறுதி ஊர்வலங்களுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. பிப்ரவரி 10 அன்று மு. கருணாநிதி முதலமைச்சர் பொறுப்பேற்றார்.

பெயருக்கும் எல்லைக்குமான வேட்கை தமிழகத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஆண்டின் தொடக்கத்திலேயே தெலங்கானா வட்டாரத்தில் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். வேலைவாய்ப்பில் தங்களுக்கு அளிக்கப்பட்ட காப்புறுதிகள் காக்கப்படவில்லை என்பது அவர்களின் குறை. அது தனி மாநிலக் கோரிக்கையாக வளர்ந்தது. துப்பாக்கிச் சூடுகளில் பலர் உயிரிழந்தனர். அக்கோரிக்கை 2014 ஜூன் 2 அன்றுதான் நிறைவேறியது. சண்டிகர் நகரைப் பஞ்சாபுடன் சேர்க்க வேண்டி உண்ணாநோன்பிருந்த விடுதலைப் போராட்ட வீரர் தர்சன் சிங் பெருமான், 74ஆம் நாளில், அக்டோபர் 27 அன்று உயிர்நீத்தார். சண்டிகர் இன்றும் ஒன்றியப் பகுதியாகவே உள்ளது. அசாமின் மலைவாழ் மக்களுக்கு மேகாலயம் என்னும் தன்னாட்சி மாநிலத்தை அமைக்கும் சட்டம் அவ்வாண்டு டிசம்பரில் இயற்றப்பட்டது. ஒரே ஆண்டில் எழுதப்பட்ட இக்கோரிக்கைகளுள் சில உடனே ஏற்கப்பட்டன; ஒன்று 45 ஆண்டுகள் காத்திருந்தது; ஒன்று இன்னும் காத்திருக்கிறது.

பிப்ரவரியில் இரு நினைவுகள்

பிப்ரவரி 15 அன்று உருதுக் கவிஞர் மிர்சா காலிப்பின் நூறாவது நினைவு நாள் நாடெங்கும் கொண்டாடப்பட்டது. நிறுத்தப்பட்ட குடும்ப ஓய்வூதியத்துக்காக டெல்லியிலிருந்து கல்கத்தா வரை சென்று முறையிட்டவர் காலிப். வாழ்நாள் முழுதும் கடன்காரர்களின் தொல்லை அவரை விட்டு நீங்கியதில்லை. அவ்விழா நடந்த அடுத்த வாரமே, பிப்ரவரி 23 அன்று, 'முகல்-ஏ-ஆசம்' படத்தில் அனார்கலியாக நடித்துப் புகழின் உச்சியைத் தொட்ட மதுபாலா பம்பாயில் காலமானார். பிறவியிலேயே இதயக் குறைபாடு கொண்டிருந்த அவருக்கு வயது 36.

திரையுலகின் வரவுப் பக்கமும் அவ்வாண்டில் வலுவாகவே இருந்தது. இந்தியத் திரைப்படத்தின் தந்தை தாதாசாகேப் பால்கேயின் பெயரால் அரசு ஒரு விருதை நிறுவியது. அதை முதலில் பெற்றவர் நடிகை தேவிகா ராணி. அரசின் திரைப்பட நிதி நிறுவனம் அளித்த சிறு தொகைக் கடனில் மிருணாள் சென் எடுத்த 'புவன் ஷோம்' வெளிவந்து, அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. பெரும் விண்மீன்களும் பெரும் முதலீடும் இல்லாத கலைஞருக்குக் கடன் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

குடியரசுத் தலைவரின் மறைவு

மே 3 அன்று குடியரசுத் தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன் டெல்லியில் காலமானார். பதவியில் இருக்கும்போதே மறைந்த முதல் இந்தியக் குடியரசுத் தலைவர் அவர். பெர்லினில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அங்கிருந்த நாள்களில் காலிப்பின் கவிதைத் தொகுதியை அச்சிட்டு வெளியிட்டவர். 1926இல், 29ஆம் வயதில், நிதியின்றித் தள்ளாடிக்கொண்டிருந்த ஜாமியா மிலியா நிறுவனத்தின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்று, 22 ஆண்டுகள் சொற்ப ஊதியத்தில் அதைக் கட்டிக்காத்தார். காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டத்துக்கு வடிவம் கொடுத்த குழுவின் தலைவரும் அவரே. தாம் வளர்த்த ஜாமியா மிலியாவின் வளாகத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

குடியரசுத் துணைத் தலைவர் வி.வி. கிரி இடைக்காலப் பொறுப்பேற்றார். அடுத்த குடியரசுத் தலைவர் யார் என்னும் கேள்வி, ஆளுங்கட்சியான காங்கிரஸில் ஏற்கெனவே இருந்த விரிசலைப் பெரிதாக்கியது. ஜூலையில் பெங்களூரில் கூடிய கட்சியின் நாடாளுமன்றக் குழு, பிரதமர் இந்திரா காந்தியின் விருப்பத்துக்கு மாறாக நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. அதே கூட்டத்தின்போது வங்கிகளின் எதிர்காலமும் விவாதப் பொருளாயிற்று. ஜூலை 16 அன்று மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறையைப் பிரதமர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்; தேசாய் துணைப் பிரதமர் பதவியிலிருந்து விலகினார். அடுத்த மூன்று நாள்களில் நிகழ்ந்தது இந்திய வங்கி வரலாற்றின் ஒரு திருப்பம்.

ஒரு சனிக்கிழமை இரவு

ஜூலை 19 சனிக்கிழமை. நாடாளுமன்றம் திங்கட்கிழமை கூடவிருந்தது. இடைக்காலக் குடியரசுத் தலைவர் கிரியோ தேர்தலில் தாமே சுயேச்சையாகப் போட்டியிடுவதற்காக மறுநாள் பதவி விலகவிருந்தார். இடையில் கிடைத்த அந்தச் சிறு அவகாசத்தில் அவசரச் சட்டம் கையொப்பமாயிற்று. அன்றிரவு பிரதமர் வானொலியில் நாட்டு மக்களுக்கு அதை அறிவித்தார். 50 கோடி ரூபாய்க்குக் குறையாத வைப்புத்தொகை கொண்ட 14 இந்திய வங்கிகள் அரசுடைமையாயின. சென்ட்ரல் பாங்க், பாங்க் ஆப் இந்தியா, பஞ்சாப் நேஷனல் பாங்க், பாங்க் ஆப் பரோடா, யுனைடெட் கமர்சியல் பாங்க், கனரா பாங்க், யுனைடெட் பாங்க், தேனா பாங்க், சிண்டிகேட் பாங்க், யூனியன் பாங்க், அலகாபாத் பாங்க், இந்தியன் பாங்க், பாங்க் ஆப் மகாராஷ்டிரா, இந்தியன் ஓவர்சீஸ் பாங்க் ஆகியவையே அவை. இவற்றுள் இந்தியன் பாங்க், இந்தியன் ஓவர்சீஸ் பாங்க் இரண்டும் சென்னையில் தோன்றியவை.

அரசியல் நோக்கம் எதுவாயினும், அம்முடிவுக்குப் பின்னால் ஓர் உண்மையான குறை இருந்தது. 1951-52இல் ரிசர்வ் வங்கி நடத்திய ஊரகக் கடன் ஆய்வு, சிற்றூர் மக்கள் பெற்ற கடனில் வணிக வங்கிகளின் பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று கண்டது. பெரும்பகுதி லேவாதேவிக்காரர்களிடமிருந்தே வந்தது. 1955இல் இம்பீரியல் வங்கி அரசுடைமையாகிப் பாரத ஸ்டேட் வங்கியாக மாறியபின் கிளைகள் ஓரளவு பெருகின. ஆயினும் 1969 ஜூன் மாத இறுதியில் நாடு முழுவதும் இருந்த வணிக வங்கிக் கிளைகள் 8,262 மட்டுமே. அவற்றுள் சிற்றூர்களில் இருந்தவை 1,833. சராசரியாக ஏறத்தாழ 65,000 பேருக்கு ஒரு கிளை. வங்கி என்பது நகரத்து வணிகருக்கும் ஆலை அதிபருக்கும் உரிய கட்டடம் என்றே பெரும்பாலான இந்தியர் எண்ணியிருந்தனர்.

வைப்பாளரின் அச்சமும் சிறிதன்று. 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்தபோது எளிய மக்கள் பலர் தம் சேமிப்பை இழந்து தவித்தனர். அதன் விளைவாகவே 1962 முதல் வைப்புத்தொகைக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் காப்புறுதி வரம்பு 1,500 ரூபாய்.

இவற்றோடு வயல்களில் வந்த மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறுபதுகளின் பிற்பகுதியில் பஞ்சாபில் குட்டை ரகக் கோதுமையும், தஞ்சைத் தரணியில் ஆடுதுறை 27 போன்ற குறுவை நெல்லும் விளைச்சலை உயர்த்தின. புதிய விதைக்கு உரம் வேண்டும், பூச்சிமருந்து வேண்டும், நீர் இறைக்கும் பொறி வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பணம் வேண்டும். கடன் கிடைத்த நிலக்கிழார் முன்னேறினார், கிடைக்காதவர் பின்தங்கினார். கூலியோ பல இடங்களில் உயரவில்லை. புத்தாண்டு பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னர், 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, குடிசைக்குள் தீயில் மாண்டனர். விளைச்சல் பெருகினால் மட்டும் போதாது, அதன் பயன் யாரைச் சேர்கிறது என்பதும் முக்கியம் என்று 1969இன் இந்தியாவுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நிலவும் தும்பாவும்

வங்கிச் செய்தி வெளிவந்த அதே வார இறுதியில் உலகின் கண்கள் வானத்தை நோக்கியிருந்தன. இந்திய நேரப்படி ஜூலை 21 திங்கள் அதிகாலையில் அப்பல்லோ 11 விண்கலத்தின் ஊர்தி நிலவில் இறங்கியது. காலை எட்டரை மணி அளவில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் பதித்தார். அப்போது இந்தியாவில் தொலைக்காட்சி டெல்லியில் மட்டுமே இருந்தது. மற்றவர்கள் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நின்று அச்செய்தியைக் கேட்டனர்.

நான்கு வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோ தொடங்கப்பட்டது. அப்போது நம்மிடம் இருந்தது திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ஏவப்படும் சிறு ஆய்வு ராக்கெட்டுகளே. நிலவில் மனிதன் நடந்த காலத்தில், வறுமை மிகுந்த நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தனர். நிறுவனத்தின் தலைவர் விக்ரம் சாராபாயின் நோக்கம் நிலவோடு போட்டியிடுவதன்று. சிற்றூருக்குக் கல்வியும் வேளாண் செய்தியும் வானிலை அறிவிப்பும் கொண்டுசேர்ப்பது. செப்டம்பர் 18 அன்று நாசாவுடன் ஓர் உடன்பாடு கையொப்பமாயிற்று. அதன்படி 1975-76இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியாக ஏறத்தாழ 2,400 இந்தியச் சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் சென்றுசேர்ந்தன. சாராபாய் அதைக் காண உயிரோடில்லை. 1971 டிசம்பரில் மறைந்துவிட்டார். இன்று பணம் வழங்கும் பொறிகள் பலவும் சிற்றூர்க் கிளைகள் பலவும் செயற்கைக்கோள் இணைப்பால் இயங்குவதை எண்ணும்போது, அந்த ஆண்டில் வெவ்வேறு பக்கங்களில் எழுதப்பட்ட இரு வரவுகள் பின்னாளில் ஒன்றுசேர்ந்தது புலனாகும்.

விரைவு வண்டியும் புதிய கல்விக்கூடமும்

தண்டவாளத்திலும் அவ்வாண்டு ஒரு புதுமை. மார்ச் மாதத்தில் புதுடெல்லிக்கும் ஹவுராவுக்கும் இடையே முதல் இராஜதானி விரைவு வண்டி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு முழு நாள் பிடித்த பயணத்தை 17 மணி 20 நிமிடத்தில் முடித்த அவ்வண்டி முழுதும் குளிரூட்டப்பட்டது. அதே இருப்புப்பாதையில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளும் சென்றுகொண்டிருந்தன என்பதையும் மறத்தற்கில்லை. அவ்வகுப்பு 1974இல்தான் ஒழிந்தது.

ஏப்ரல் 22 அன்று டெல்லியில் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் துணைவேந்தர், சென்னையைச் சேர்ந்த தூதரக அறிஞர் ஜி. பார்த்தசாரதி. செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில், ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு தொடங்கியது. நம் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்து, சிற்றூர் முகாமுக்குச் சென்று தெரு துப்புரவு செய்து திரும்பும் வழக்கம் அங்கிருந்து வந்ததே. அக்டோபர் இறுதியில், பம்பாய்க்கு வடக்கே தாராப்பூரில், இந்தியாவின் முதல் அணுமின் நிலையம் வணிக அளவில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. அதற்கு வித்திட்ட ஹோமி பாபா மூன்று ஆண்டுகளுக்கு முன்பே விமான விபத்தில் மறைந்திருந்தார்.

காந்தி நூற்றாண்டு

அக்டோபர் 2 அன்று காந்தியடிகளின் நூற்றாண்டு நிறைவுற்றது. வங்கியோடு தொடர்புடையோர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. இந்தியப் பணத்தாளில் காந்தியடிகளின் உருவம் முதன்முதலாக இடம்பெற்றது அந்த நூற்றாண்டையொட்டித்தான். சேவாகிராம ஆசிரமத்தின் பின்னணியில் அவர் அமர்ந்திருக்கும் படத்தோடு 2, 5, 10, 100 ரூபாய்த் தாள்களும், அவர் உருவம் பொறித்த நினைவு நாணயங்களும் வெளியிடப்பட்டன. காந்தி வரிசைத் தாள்கள் நிலையாகப் புழக்கத்துக்கு வந்தது 1996 முதல்.

உருவம் பணத்தாளில் ஏறிய அதே வேளையில், அவர் சபர்மதி ஆசிரமம் அமைத்த அகமதாபாத்தில் குருதி சிந்தியது. செப்டம்பரில் அங்கு மூண்ட வகுப்புக் கலவரத்தில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றாண்டு விழாவுக்காக வந்திருந்த எல்லை காந்தி கான் அப்துல் கபார் கான், விழா மேடைகளைவிட அத்துயரத்தையே பெரிதாகக் கருதினார். டெல்லியில் மூன்று நாள் உண்ணாநோன்பிருந்தார்; அகமதாபாத் சென்று பாதிக்கப்பட்டோரைச் சந்தித்தார். விடுதலைக்குப் பின் பாகிஸ்தானிலும் நெடுங்காலம் சிறையிருந்த அம்முதியவர், காந்தியின் பெயரைக் கொண்டாடுவதும் காந்தியின் வழியில் நடப்பதும் ஒன்றல்ல என்பதைத் தம் செயலால் உணர்த்திச் சென்றார். இவ்வாண்டின் கணக்கில் மறைக்காமல் எழுதியாக வேண்டிய பற்று அது.

தேர்தலும் பிளவும்

குடியரசுத் தலைவர் தேர்தல் ஆகஸ்ட் 16 அன்று நடந்தது. முதல் விருப்ப வாக்குகளில் எவருக்கும் போதிய பெரும்பான்மை கிட்டாததால் இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ண வேண்டியதாயிற்று. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் அவ்வாறு முடிவு காணப்பட்டது அந்த ஒரு முறைதான். வி.வி. கிரி வென்று, ஆகஸ்ட் 24 அன்று பொறுப்பேற்றார். இடைப்பட்ட ஐந்து வாரங்கள் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். இதயதுல்லா குடியரசுத் தலைவராகச் செயலாற்றினார். நவம்பர் 12 அன்று பிரதமரே தம் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 84 ஆண்டுகள் பழமையான காங்கிரஸ் இரண்டாகப் பிரிந்தது. காமராசர் ஒரு பக்கமும் சி. சுப்பிரமணியம் மறுபக்கமும் நின்றனர். நாளிதழ்களின் முதல் பக்கங்களை மாதக்கணக்கில் நிரப்பிய செய்தி இது.

அவ்வாண்டில் பிறந்தவர்கள்

அந்த ஆரவாரத்துக்கு நடுவே கான்பூரில், நவம்பர் மாதம், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஓர் இளைஞர் தம் முதல் டெஸ்ட் போட்டியில் களமிறங்கினார். முதல் இன்னிங்ஸில் ஓட்டமேதும் எடுக்காமல் ஆட்டமிழந்த குண்டப்பா விஸ்வநாத், இரண்டாவது இன்னிங்ஸில் 137 ஓட்டங்கள் குவித்தார். அந்த ஆகஸ்டில் கர்நாடகத்தில் பிறந்திருந்த இரு குழந்தைகள், வெங்கடேஷ் பிரசாத்தும் ஜவகல் ஸ்ரீநாத்தும், பின்னாளில் இந்தியாவின் வேகப்பந்து வீச்சைத் தோளில் சுமந்தனர்.

டிசம்பர் 11 அன்று மயிலாடுதுறையில் பிறந்த ஒரு குழந்தைக்குத் தாய் சுசீலா பின்னர் சதுரங்கம் கற்பித்தார். அன்று இந்தியாவில் ஒரு கிராண்ட் மாஸ்டர்கூட இல்லை. 1988இல் அந்த இடத்தை நிரப்பிய முதல் இந்தியர் விஸ்வநாதன் ஆனந்த். பின்னர் ஐந்து முறை உலக வாகையர் ஆனார். அவரைக் கண்டு வளர்ந்த தலைமுறையிலிருந்து எழுந்த சென்னை இளைஞர் குகேஷ் 2024இல் உலகப் பட்டம் வென்றார். 1969 டிசம்பரின் எந்த நாளிதழும் இப்படியொரு வரவை முன்கூட்டி எழுதியிருக்க முடியாது.

கடைசி மாதத்தின் சிறு பதிவு

ஜூலையில் வங்கிகளின் உடைமை ஒரே இரவில் மாறிவிட்டது. ஆனால் மறுநாள் காலையில் எந்தச் சிற்றூரிலும் புதிய கிளை முளைத்துவிடவில்லை. கடனுக்கு ஈடு கேட்கும் விதியும், கையொப்பமிடத் தெரியாதவரைத் தயக்கத்தோடு பார்க்கும் பழக்கமும் அப்படியே இருந்தன. பங்குதாரர் ஆர்.சி. கூப்பர் தொடுத்த வழக்கில், 1970 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் நாட்டுடைமைச் சட்டத்தையே செல்லாது என்று தீர்ப்பளித்தது. நான்கு நாள்களில் புதிய அவசரச் சட்டம் வந்தது. வங்கிகளுக்கு மொத்தம் 87 கோடியே 40 இலட்சம் ரூபாய் இழப்பீடு என்று வரையறுக்கப்பட்டது.

உடைமை மாற்றத்துக்கு உண்மையான பொருள் கொடுத்தது, ஆண்டின் கடைசி மாதத்தில் அதிக ஓசையின்றித் தொடங்கப்பட்ட வேறொரு ஏற்பாடு. பேராசிரியர் டி.ஆர். காட்கில் தலைமையிலான ஆய்வுக் குழு, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனியே திட்டமிட வேண்டும் என்று அக்டோபரில் பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கி அமைத்த நாரிமன் குழு, ஒவ்வொரு வங்கியும் சில மாவட்டங்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றது. டிசம்பரில் முன்னோடி வங்கித் திட்டம் பிறந்தது. ஒரு மாவட்டத்தில் எந்த ஊருக்கு வங்கி இல்லை, எந்தத் தொழிலுக்குக் கடன் கிடைப்பதில்லை என்று கணக்கெடுத்து, பிற வங்கிகளையும் அரசு அலுவலர்களையும் ஒருங்கிணைப்பது முன்னோடி வங்கியின் கடமை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் இன்றும் கூடும் மாவட்ட ஆலோசனைக் குழுவும், ஆண்டுதோறும் வெளியிடப்படும் மாவட்டக் கடன் திட்டமும் அதன் வழிவந்தவை.

விளைவு மெல்லவே வந்தது. 1990ஆம் ஆண்டளவில் கிளைகள் ஏறத்தாழ 60,000 ஆயின. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை சிற்றூர்களில் இருந்தன. 65,000 பேருக்கு ஒரு கிளை என்ற நிலை மாறி, ஏறத்தாழ 14,000 பேருக்கு ஒன்று ஆயிற்று. இன்று வங்கிகள் தாம் வழங்கும் கடனில் 40 விழுக்காட்டை முன்னுரிமைத் துறைகளுக்கும், அதற்குள் மொத்தக் கடனில் 18 விழுக்காட்டை வேளாண்மைக்கும் வழங்க வேண்டும் என்பது விதி.

கணக்கின் மறுபக்கத்தையும் எழுதுதல் முறை. அரசியல் நெருக்கடியால் வழங்கப்பட்ட கடன்கள், திரும்பி வராத தொகைகள், குறைந்த இலாபம் ஆகியவற்றால் அரசுடைமை வங்கிகள் தளர்ந்தன. 1990களில் அரசு தன் கருவூலத்திலிருந்து மூலதனம் அளித்து அவற்றைத் தாங்க வேண்டியிருந்தது. கிளை திறக்கப்பட்ட ஊர்களிலும் கணக்கில்லாத வீடுகள் ஏராளமாக இருந்தன. அவற்றுக்காகவே 2014இல் பிரதமரின் ஜன்தன் திட்டம் வந்தது. அன்று நாட்டுடைமையான 14 வங்கிகளுள் தேனா, சிண்டிகேட், யுனைடெட், அலகாபாத் ஆகிய நான்கும் பிற வங்கிகளோடு இணைந்துவிட்டன. பத்துப் பெயர்களே எஞ்சியுள்ளன.

இவ்வாறு கூட்டிக் கழித்துப் பார்க்கையில் 1969 நமக்கு விட்டுச்சென்ற இருப்பு எது? அண்ணாவையும் ஜாகிர் உசேனையும் நாடு இழந்தது. அவர்கள் சூட்டிய பெயரும் வளர்த்த கல்விக்கூடமும் நிலைத்தன. முதல் பக்கத்தை நிரப்பிய கட்சிப் பிளவை இன்று வரலாற்று மாணவர்களே படிக்கின்றனர். இஸ்ரோவும், நாட்டு நலப்பணித் திட்டமும், முன்னோடி வங்கித் திட்டமும் நாள்தோறும் நம் வாழ்வில் பயன்படுகின்றன. அறிவிப்பு ஒரே நாளில் வந்துவிட்டது. அது ஒரு சிற்றூர் உழவர் கையில் பயிர்க்கடனாகவும், ஒரு சுய உதவிக் குழுப் பெண்ணின் கையில் வங்கிக் கணக்கேடாகவும் மாறுவதற்கு இருபது, முப்பது ஆண்டுகள் பிடித்தன. எண்ணற்ற ஊழியர்கள் பேருந்து செல்லாத ஊர்களுக்கு மிதிவண்டியில் சென்று உழைக்க வேண்டியிருந்தது.

அடுத்த முறை உங்கள் ஊர்க் கிளைக்குச் செல்லும்போது, அது எந்த ஆண்டு திறக்கப்பட்டது என்று விசாரித்துப் பாருங்கள். சிற்றூரிலோ சிறு நகரத்திலோ உள்ள கிளையாயின், விடை பெரும்பாலும் 1969க்குப் பிந்தைய ஓர் ஆண்டாகவே இருக்கும். அதற்கு முன் அவ்வூரார் பணத்தை எங்கே வைத்திருந்தனர், அவசரத்துக்கு யாரிடம், என்ன வட்டிக்குக் கடன் வாங்கினர் என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த அறிக்கையிலும் இடம்பெறாத அந்தக் கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது.